டீலரின் இரண்டு சீட்டும் திறந்து கிடக்கும் மேசை: கார்டு கவுண்டிங் எடுபடுமா?

அரைக்கை:
எல்லோருக்கும் வணக்கம். வேலை விஷயமாக லாஸ் வேகாஸ் போகிறேன், மாலை நேரம் முழுக்க சும்மாதான் இருப்பேன். பிளாக்ஜாக் (21ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகம் எடுக்கும் ஆட்டம்) பேசிக் ஸ்ட்ராடஜி, அதாவது எந்தக் கைக்கு என்ன செய்வது என்ற அட்டவணை, மனப்பாடம். வெளிவந்த சீட்டுகளை எண்ணும் ஹை-லோ முறையும் ஓரளவு வருகிறது: 2 முதல் 6 வரை வந்தால் ஒன்று கூட்டு, பத்து மதிப்புச் சீட்டும் ஏஸும் வந்தால் ஒன்று கழி, 7, 8, 9 வந்தால் விட்டுவிடு. வீட்டில் ஒரு கட்டை இறக்கி முடித்தால் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது.

கேள்வி சாதாரண பிளாக்ஜாக் பற்றி இல்லை. டபுள் எக்ஸ்போஷர், பிளாக்ஜாக் சுவிட்ச், ஃப்ரீ பெட், ஸ்பானிஷ் 21 என்று விதியை மாற்றிய ஆட்டங்கள் நிறைய இருக்கின்றன. ஒன்றில் டீலர் சீட்டு இரண்டும் தெரியும். இன்னொன்றில் நம் இரண்டு கைக்குள் சீட்டை மாற்றிக்கொள்ளலாம். அறைத்தோழன் சொல்வது: "விதி எவ்வளவு வினோதமோ அவ்வளவு நல்லது. கேசினோவுக்கே அந்தக் கணக்கு சரியாகத் தெரியாது." உண்மையா? ஹை-லோவை அப்படியே அங்கே கொண்டுபோகலாமா?

பொரிகடலை:
டீலர் சீட்டு ரெண்டும் தெரியுதா? அப்போ எண்ணுவானேன், எட்டிப் பார்த்தாலே போதுமே.

கணக்குவாத்தியார்:
தம்பி, உங்கள் தோழர் பாதி சரி. கேசினோவுக்குக் கணக்கு தெரியாது என்பது தவறு. ஒரு புது ஆட்டம் மேசைக்கு வருவதற்கு முன்பே அதன் சராசரி ஹவுஸ் எட்ஜ் (பெட்டில் கேசினோவுக்கு நிற்கும் சதவீதம்) தசம இடம் வரை கணக்கிடப்பட்டுவிடும். ஆனால் சராசரி வேறு, ஊசலாட்டம் வேறு. சீட்டுகள் வெளியேற வெளியேற அந்த எட்ஜ் எவ்வளவு தூரம் மேலும் கீழும் ஆடுகிறது என்பதுதான் எண்ணுகிறவனுக்கு வேண்டிய கணக்கு. சராசரியைத் துல்லியமாகப் பார்த்துவிட்டு ஊசலாட்டத்தைக் கோட்டைவிட்ட கேசினோக்கள் உண்டு.

சாதாரண பிளாக்ஜாக் ஏன் ஆடுகிறது என்று முதலில் பாருங்கள். பீட்டர் கிரிஃபின், சாக்ரமெண்டோவில் கணிதப் பேராசிரியர், ஒவ்வொரு சீட்டும் வெளியே போனால் ஆட்டக்காரருக்கு என்ன ஆகும் என்று பட்டியல் போட்டார். ஒரு கட்டு ஆட்டத்தில் ஒரே ஒரு 5 போனால் நமக்கு 0.69 சதவீதம் சாதகம். 4 போனால் 0.55. ஏஸ் ஒன்று போனால் 0.61 பாதகம், பத்து ஒன்று போனால் 0.51 பாதகம். 8 இருந்தாலும் ஒன்றுதான், போனாலும் ஒன்றுதான். ஹை-லோ என்பது இந்தப் பட்டியலை +1, 0, -1 என்று முழு எண்ணாக்கிய சுருக்கம். பெட்டை எப்போது ஏற்றுவது என்பதற்கு அது 97 சதவீதம் ஒத்துப்போகிறது.

விதியை மாற்றினால் இந்தப் பட்டியலே மாறுகிறது. பட்டியல் மாறினால் ஹை-லோ அதே ஹை-லோ இல்லை. ஆகவே "இந்த ஆட்டத்தின் ஹவுஸ் எட்ஜ் என்ன" என்பதோடு நிறுத்தாமல் "இந்த ஆட்டத்தில் ஏஸ் போனால் என்ன, 5 போனால் என்ன" என்றும் கேளுங்கள்.

நெவாடா நாடோடி:
வாத்தியார் சொன்னதற்கு டபுள் எக்ஸ்போஷர் நல்ல உதாரணம். 1979இல் பாப் ஸ்டூபக் தன்னுடைய வேகாஸ் வேர்ல்டில் கொண்டுவந்த ஆட்டம். இப்போது வேகாஸில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டீலரின் இரண்டு சீட்டும் மேலே பார்த்தபடி கிடக்கும். கேட்கவே வாயூறும். ஆனால் இரண்டு இடத்தில் பிடுங்கிக்கொள்கிறார்கள். ஒன்று, பிளாக்ஜாக்குக்கு (முதல் இரண்டு சீட்டே ஏஸும் பத்தும்) 3:2 கிடையாது, போட்ட பணத்துக்குச் சமம்தான். இரண்டு, சமநிலை வந்தால் நீங்கள் தோற்றீர்கள் (பிளாக்ஜாக் மட்டும் விலக்கு).

இந்த இரண்டாவது விதி ஆட்டத்தை எப்படித் திருப்பிப் போடுகிறது பாருங்கள். உங்களிடம் கிங்கும் குயினும், 20. டீலரிடமும் 20, கண்ணெதிரே. நின்றால் தோல்வி நிச்சயம். ஆகவே 20ஐ வைத்துக்கொண்டு இன்னொரு சீட்டு கேட்க வேண்டும். ஏஸ் விழுந்தால் மட்டும் பிழைப்பு, பதின்மூன்றில் ஒரு வாய்ப்பு. முதல் தடவை இதைச் செய்கிறவனைப் பக்கத்து நாற்காலிக்காரர் பைத்தியம் என்றுதான் நினைப்பார். எதிர்ப்பக்கம், டீலரிடம் 16 தெரிந்தால் உங்கள் இரண்டு பத்துகளை இரண்டு கைகளாகப் பிரித்து ஆடுவதுதான் சரி. சாதாரண மேசையில் அதைச் செய்தால் பிட் பாஸ் (மேசைகளைக் கண்காணிப்பவர்) தலையை நிமிர்த்திப் பார்ப்பார்.

இப்போது கவுண்டிங்குக்கு வருவோம். கவுண்ட் ஏறுகிறது என்றால் ஷூவில் (சீட்டுகளை வைத்து எடுக்கும் பெட்டி) பத்துகள் மிச்சம் அதிகம். அப்போது இரண்டு பக்கமும் 20 விழுவது கூடும். சாதாரண ஆட்டத்தில் அது பெட்டைத் திருப்பித் தரும் சமநிலை. இங்கே அது தோல்வி, அதுவும் நீங்கள் பெரிய பெட் வைத்திருக்கும் நேரத்தில். மறுபக்கம், டீலர் 14, 15, 16இல் மாட்டியிருப்பது கண்ணுக்குத் தெரிவதால் அதே பத்துகள் அவரை உடைக்கும் என்று நம்பி டபுள் (பெட்டை இரட்டித்து ஒரே ஒரு சீட்டு எடுப்பது) போடலாம். இரண்டு பக்கமும் இழுக்கிறது. எண்ணினால் பயன் உண்டு, ஆனால் அந்தப் பயனில் பெரும்பங்கு பெட்டை ஏற்றுவதில் இல்லை, கையை ஆடும் விதத்தில் இருக்கிறது. 20க்கு 20 என்ற அந்தக் கையில் ஏஸ் எத்தனை மிச்சம் என்று தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் வித்தியாசம் உண்டு. ஹை-லோ அதைச் சொல்லாது, ஏஸைத் தனியாக எண்ண வேண்டும்.

இஸ்பேட்ராஜா:
டபுள் எக்ஸ்போஷரை விடுங்கள், அது கிடைக்கவே கிடைக்காது. ஸ்பானிஷ் 21 பற்றி மட்டும் கேட்கிறேன். கட்டுக்கு நான்கு பத்துகளை, எண் 10 போட்ட சீட்டுகளை, எடுத்துவிடுகிறார்கள். 48 சீட்டுக் கட்டு. ஜாக், குயின், கிங் மட்டும் மிச்சம். ஹை-லோவில் பத்து ஒன்று போனால் -1. ஆக ஆறு கட்டு ஷூ தொடங்கும்போதே ரன்னிங் கவுண்ட் (ஓடும் கூட்டுத்தொகை) -24, ட்ரூ கவுண்ட் (அதை மீதிக் கட்டுகளால் வகுத்தது) -4. சாதாரண மேசையில் +1க்கு மேல் போனால்தான் நமக்குச் சாதகம். -4இல் தொடங்கி +1 வரை ஏற வேண்டும் என்றால் ஷூ முடிந்தே போய்விடும். எண்ணுவது வீண் வேலை.

மெல்பர்ன்வாசி:
இஸ்பேட்ராஜா அண்ணை, -24 சரி. அதற்குப் பிறகு சொன்னது சரியில்லை.

நான் இருக்கும் ஊரில் இதே ஆட்டத்துக்குப் பெயர் பொன்டூன். டீலர் இரண்டாவது சீட்டை நாம் ஆடி முடித்த பிறகுதான் எடுப்பார், மற்றபடி 48 சீட்டுக் கட்டுதான். பத்துகளை எடுத்ததால் ஆட்டக்காரருக்கு இரண்டு சதவீதம் வரை நட்டம். வாத்தியார் பட்டியலில் பத்துக்கு 0.51, அதை நான்கால் பெருக்குங்கள். அந்த நட்டத்தை ஈடுகட்டத்தான் மற்ற விதிகளை அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் 21 எப்போதும் வெல்லும். உங்கள் பிளாக்ஜாக் டீலர் பிளாக்ஜாக்கையும் வெல்லும், 3:2ம் உண்டு. எத்தனை சீட்டு எடுத்த பிறகும் டபுள் போடலாம். ஐந்து சீட்டில் 21 என்றால் 3:2, ஆறில் 2:1, ஏழில் 3:1. எல்லாம் சேர்த்து ஹவுஸ் எட்ஜ் விதிக்கேற்ப 0.4 முதல் 0.8 சதவீதத்துக்குள் வந்து நிற்கிறது.

அதாவது ட்ரூ கவுண்ட் -4 என்று காட்டும் அந்தத் தொடக்கப் புள்ளியில் நட்டம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. சாதாரண மேசையில் -4 என்றால் இரண்டரை சதவீதம் பின்னால் இருப்போம். இரண்டு மேசையிலும் முள் ஒரே எண்ணைக் காட்டினாலும் அர்த்தம் வேறு. இங்கே +1 வரை ஏற வேண்டியதே இல்லை, தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு ஏறியது என்பதுதான் விஷயம். ஷூ முழுக்க இறங்கினால் -24 தானாகவே பூஜ்யத்துக்கு வந்து சேரும், ஏனென்றால் சின்னச் சீட்டு கட்டுக்கு 20, பெரியது 16தான். அந்த இயல்பான ஏற்றத்தைப் பார்த்து "ஆகா ஏறுகிறது" என்று பெட்டை ஏற்றினால் கையில் இருப்பது போகும். மீதியுள்ள கட்டுகளால் வகுத்த பிறகு -4ஐ விட மேலே வந்ததா என்று பாருங்கள்.

இஸ்பேட்ராஜா:
சரி, முள்ளை எங்கே வைப்பது என்பது புரிகிறது. ஆனால் போனஸ் எல்லாம் சின்னச் சீட்டில்தானே வருகிறது? ஐந்து சீட்டு 21 என்றால் 2, 3, 4 நிறைய இருக்க வேண்டும். கவுண்ட் ஏறும்போது அவை தீர்ந்துபோயிருக்கும்.

மெல்பர்ன்வாசி:
அதுதான் இந்த ஆட்டத்தின் உண்மையான பிரேக். பெரிய சீட்டு பெருகும்போது பிளாக்ஜாக்கில் வரவு கூடுகிறது, போனஸில் குறைகிறது. ஒன்று மற்றதைக் கொஞ்சம் தின்றுவிடும். அப்புறம், அமெரிக்க மேசைகளில் மூன்று 7 ஒரே இனத்தில் வந்து டீலரிடமும் 7 இருந்தால் சூப்பர் போனஸ் என்று ஒன்று தருவார்கள். பெட் 5 டாலர் முதல் 24 வரை என்றால் 1,000 டாலர். 25க்கு மேல் எவ்வளவு வைத்தாலும் 5,000. அதைத் தாண்டி ஏறாது. பெட்டை ஏற்றி ஆடுகிறவனுக்கு அந்தப் போனஸ் ஏறக்குறைய இல்லாத மாதிரிதான்.

எங்கள் ஊர்ச் சங்கதி வேறு. பல பொன்டூன் மேசைகளில் தொடர்ந்து கலைக்கும் இயந்திரம் உட்கார்ந்திருக்கிறது. ஆடி முடித்த சீட்டு உடனே உள்ளே போய்விடும். அங்கே எந்த எண்ணிக்கையும் செல்லாது.

கணக்குவாத்தியார்:
ஸ்பானிஷ் 21 பேச்சு வந்ததால் இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. டீலரிடம் ஏஸ் தெரிகிறது, அடியில் பத்து இருந்தால் 2:1 தருகிறோம் என்கிறார்கள். சாதாரண ஆறு கட்டில் மீதி 311 சீட்டில் 96 பத்து. வாய்ப்பு 30.9 சதவீதம், மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. கேசினோவுக்கு 7.4 சதவீத லாபம். ட்ரூ கவுண்ட் +3ஐத் தொட்டால் இது நமக்குச் சாதகமாகத் திரும்புகிறது, ஹை-லோ ஆட்கள் அப்போது எடுப்பார்கள்.

ஸ்பானிஷ் ஷூவில் மீதி 287 சீட்டில் பத்து மதிப்புள்ளவை 72தான். நான்கில் ஒன்று. கேசினோ லாபம் கிட்டத்தட்ட 25 சதவீதம். அதே பெயர், அதே 2:1, பச்சைத் துணியில் அதே வளைந்த எழுத்து. பழக்கதோஷத்தில் +3க்கு எடுத்துவிடாதீர்கள். முள்ளின் தொடக்கத்தை -4 என்று வைத்து எண்ணுகிறவருக்கு அந்த +3 பொருந்தும், பூஜ்யத்தில் தொடங்கியவருக்குப் பொருந்தவே பொருந்தாது.

அரைக்கை:
நன்றி, இதெல்லாம் எழுதி வைத்துக்கொள்கிறேன். சுவிட்சும் ஃப்ரீ பெட்டும்? அவற்றில் டீலர் 22 எடுத்தால் பஸ்ட் (21ஐத் தாண்டித் தோற்பது) இல்லை, புஷ் (சமநிலை, பெட் திரும்பும்) என்கிறார்கள். சின்ன விஷயமாகத் தெரிகிறதே.

நெவாடா நாடோடி:
சின்ன விஷயமா! அதுதான் அந்த இரண்டு ஆட்டத்துக்கும் முதுகெலும்பு. டீலர் சரியாக 22இல் போய் விழுவது நூறில் ஏழு கை. அத்தனை கையிலும் நீங்கள் ஜெயித்திருக்க வேண்டிய பணம் கைக்கு வராது.

இரண்டும் ஜெஃப் ஹால் என்பவர் உருவாக்கியவை. சுவிட்சில் இரண்டு கைக்கும் சமமான பெட் வைத்து, இரண்டாவதாக வந்த சீட்டுகளை மாற்றிக்கொள்ளலாம். ஒரு கையில் 10, 6. இன்னொன்றில் 5, 10. இரண்டும் குப்பை. மாற்றினால் 20ம் 11ம். அந்த நொடியில் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகவே நான் ஆடியிருக்கிறேன். ஃப்ரீ பெட்டில் 9, 10, 11க்கு டபுள் போட கேசினோவே பணம் வைக்கும். பத்து மதிப்புச் சீட்டுகளைத் தவிர மற்ற ஜோடிகளைப் பிரிக்கவும் அவர்கள் பணம்தான்.

இதற்கெல்லாம் 22 புஷ் பில் கட்டுகிறது. சுவிட்சில் அதோடு பிளாக்ஜாக்குக்கும் சமப் பணம்தான். இவ்வளவும் சேர்த்து சுவிட்சில் ஹவுஸ் எட்ஜ் 0.6 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, ஃப்ரீ பெட்டில் ஒரு சதவீதத்தை ஒட்டி. இலவசம் என்று பெயர் வைத்த ஆட்டம்தான் இரண்டில் விலை கூடியது!

பொரிகடலை:
ஆனா தல, 0.6 சதவீதம்ங்கறது சாதாரண ஆறு கட்டு மேசை மாதிரிதானே? அங்கே கவுண்ட் பண்ணி ஜெயிக்கிறவன் இங்கேயும் ஜெயிக்கலாமே.

கணக்குவாத்தியார்:
இங்கேதான் சராசரியும் ஊசலாட்டமும் பிரிகின்றன. 0.6 என்பது தொடங்குமிடம் மட்டும். ஊசல் எவ்வளவு ஆடுகிறது பாருங்கள்.

முதலில் ஏஸ். சாதாரண ஆட்டத்தில் முதல் சீட்டு ஏஸ் விழுந்தால் நாம் 50 சதவீதம் முன்னால். அந்த ஏஸ் பதின்மூன்றில் நான்கு தடவை, 31 சதவீதம், பிளாக்ஜாக் ஆகிறது. 3:2ஐ 1:1 ஆக்கினால் ஒவ்வொரு பிளாக்ஜாக்கிலும் அரை பெட் போகிறது. ஆக அந்த 50இல் 15 புள்ளி போய்விட்டது. ஏஸ் நிறைந்த ஷூவுக்காகக் காத்திருந்தவன் பாதி வழியில் சம்பளத்தை இழந்த மாதிரி.

அடுத்து 22. டீலர் எப்படி 22க்குப் போகிறார்? 12 வைத்துக்கொண்டு பத்து எடுத்தால். பத்து பெருகினால் இந்த வழி திறக்கிறது. சாதாரண மேசையில் எண்ணுகிறவன் பெரிய பெட் வைத்துவிட்டு "டீலர் உடைவார்" என்று காத்திருப்பான். இங்கேயும் உடைகிறார், ஆனால் அதில் ஒரு பங்கு 22இல் போய்ப் புஷ் ஆகிறது. யோசித்துப் பாருங்கள், எண்ணுகிறவனின் இரண்டு பெரிய வருமானம் பிளாக்ஜாக் போனஸும் டீலர் பஸ்டும். இந்த ஆட்டத்தை வடிவமைத்தவர் கை வைத்தது சரியாக அந்த இரண்டிலும்தான். சாதாரண மேசையில் ட்ரூ கவுண்ட் ஒன்று ஏறினால் ஏறக்குறைய அரை சதவீதம் கிடைக்கும். அந்த வேகம் சுவிட்சில் கிடைக்கும் என்று எண்ணி உட்காராதீர்கள். மேலோட்டமாகத் தாராளமாகத் தெரியும் விதிகள்தான் எண்ணுகிறவனுக்குக் கஞ்சத்தனமானவை என்பது என் அபிப்பிராயம்.

இஸ்பேட்ராஜா:
அப்படியானால் அறைத்தோழர் முழுக்கத் தவறா? "பாதி சரி" என்றீர்களே.

கணக்குவாத்தியார்:
மறு பாதி சைடு பெட்டில், அதாவது முதன்மை ஆட்டத்தோடு தனியாக வைக்கும் பந்தயத்தில், இருக்கிறது. 1980களில் நெவாடாவில் ஓவர்-அண்டர் 13 என்று ஒரு சைடு பெட் வந்தது. உங்கள் முதல் இரண்டு சீட்டின் கூட்டுத்தொகை 13க்கு மேலா, கீழா என்று பந்தயம். ஏஸுக்கு மதிப்பு ஒன்று. சரியாக 13 வந்தால் இரண்டு பக்கமும் தோல்வி. ஓவருக்கு ஹவுஸ் எட்ஜ் ஆறரை சதவீதம், அண்டருக்குப் பத்து. இந்த எண்ணைப் பார்த்தால் யார் தொடுவார்கள்? கேசினோவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும்.

ஆனால் அது வெறும் இரண்டு சீட்டின் கூட்டுத்தொகை. சின்னச் சீட்டு தீர்ந்தால் ஓவர் சடசடவென்று ஏறுகிறது. தடுக்க போனஸும் இல்லை, புஷ்ஷும் இல்லை. ஆறரை சதவீதப் பள்ளத்திலிருந்து தொடங்கினாலும் ஊசல் அவ்வளவு பெரிதாக ஆடியதால் எண்ணுகிறவர்களுக்கு முதன்மை ஆட்டத்தைவிட இது நன்றாகப் பிழைத்தது.

ஹை-லோ இதற்குப் பொருந்தாது. ஹை-லோவில் ஏஸ் பெரிய சீட்டு. இங்கே ஏஸ் என்றால் ஒன்று, இருப்பதிலேயே சின்னது. அதனால் ஏஸ், 2, 3, 4 வந்தால் +1, பத்து வந்தால் -1 என்று தனி எண்ணிக்கை கட்டினார்கள். ஒரே மேசை, ஒரே ஷூ, ஒரே ஏஸ். ஒரு வட்டத்தில் வைத்த சிப்புக்கு அது நல்லது, ஓர் அங்குலம் தள்ளி வைத்த சிப்புக்குக் கெட்டது.

மெல்பர்ன்வாசி:
பகாரா என்ற சீட்டாட்டத்திலும் இதே கதை உண்டு வாத்தியார். கார்டு கவுண்டிங்கைப் பிரபலமாக்கிய கணிதவியலாளர் எட்வர்ட் தோர்ப் 1960களில் வால்டனோடு சேர்ந்து நெவாடா பகாராவை ஆராய்ந்தார். பிளேயர், பேங்கர் பந்தயங்களை எண்ணி வெல்வதில் பயனில்லை என்று வந்தது. ஆனால் நேச்சுரல் 8, நேச்சுரல் 9 (முதல் இரண்டு சீட்டிலேயே 8 அல்லது 9) சைடு பெட்டுகளை வெல்லலாம் என்று கண்டார்கள்.

நெவாடா நாடோடி:
தோர்ப் பெயர் வந்ததால் ஒன்று. 1962இல் பிளாக்ஜாக்கை எண்ணி வெல்வது பற்றிய அவர் புத்தகம் வந்ததும் பயந்துபோன லாஸ் வேகாஸ் கேசினோக்கள் 1964 ஏப்ரலில் விதியையே மாற்றின. ஏஸ் ஜோடியைப் பிரிக்கக் கூடாது, 11க்கு மட்டும்தான் டபுள். எண்ணத் தெரிந்தவன் ஆயிரத்தில் ஒருத்தன்கூட இல்லை, எண்ணத் தெரியாத மீதிப் பேர் "என்னடா ஆட்டம் இது" என்று எழுந்து போய்விட்டார்கள். சில வாரத்தில் பழைய விதி திரும்பியது. அந்தப் பாடத்துக்குப் பிறகு நேரடியாக விதியை இறுக்குவதில்லை. ஒரு கையால் இனிப்பைக் கொடுத்து மறு கையால் எடுக்கும் புது ஆட்டம்தான்.

எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. 1978 மே மாதம் அட்லாண்டிக் சிட்டியில் முதல் கேசினோ திறந்தபோது ஏர்லி சரண்டர் விதி. டீலர் பிளாக்ஜாக் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே பாதிப் பணத்தோடு விலகலாம். அதன் மதிப்பு மட்டும் 0.6 சதவீதம். எண்ணாமல் ஆடினாலே ஆட்டக்காரர் ஒரு துளி முன்னால். கேட்க வேண்டுமா, எண்ணத் தெரிந்தவன் எல்லாம் அங்கே இறங்கினான். 1981இல் அந்த விதியை எடுத்தார்கள்.

அரைக்கை:
எண்ணினால் போலீஸ் கேஸ் ஆகுமா? வீட்டில் கேட்கிறார்கள்.

நெவாடா நாடோடி:
தலைக்குள் எண்ணுவது குற்றம் இல்லை. கைப்பேசியோ கருவியோ பயன்படுத்தினால் நெவாடாவில் அது குற்றம், அந்தப் பக்கமே போகாதீர்கள். ஆனால் நெவாடாவில் "உங்களுக்கு இனி பிளாக்ஜாக் இல்லை" என்று சொல்லும் உரிமை கேசினோவுக்கு உண்டு. நியூ ஜெர்சியில் கென் அஸ்டன் வழக்குப் போட்டு 1982இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, எண்ணுகிறார் என்பதற்காக கேசினோ தானாக வெளியேற்ற முடியாது என்று. உடனே அங்கே என்ன செய்தார்கள்? கட்டைக் கூட்டினார்கள், சீக்கிரம் கலைத்தார்கள். தீர்ப்பை வாங்கியவருக்கு ஆட்டம் போனது.

பொரிகடலை:
நான் போன இடத்துல பிளாக்ஜாக் 6:5ன்னு போட்டிருந்தான். 6:5 பெருசுதானே, 3:2ஐ விட நம்பர் பெருசா இருக்கு?

இஸ்பேட்ராஜா:
கடலை, எழுந்து ஓடுங்கள்! 3:2 என்றால் ஒன்றுக்கு ஒன்றரை. 6:5 என்றால் ஒன்றுக்கு ஒன்று புள்ளி இரண்டு. பத்து டாலர் வைத்தால் 15க்குப் பதில் 12.

கணக்குவாத்தியார்:
ஆறு கட்டில் பிளாக்ஜாக் வரும் வாய்ப்பு 4.75 சதவீதம். டீலருக்கும் வந்து புஷ் ஆவதைக் கழித்தால் 4.53. அதை 0.3ஆல் பெருக்கினால் 1.36. சுவிட்ச், ஸ்பானிஷ், டபுள் எக்ஸ்போஷர் எல்லாம் எதையோ எடுத்து எதையோ கொடுக்கின்றன. 6:5 எதையும் கொடுக்காமல் 1.36 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சாதாரண மேசையில் ட்ரூ கவுண்ட் +1இல் லாபமும் நட்டமும் இல்லாத நிலைக்கு வருகிறவன் இங்கே +4க்குக் காத்திருக்க வேண்டும். ஆறு கட்டில் நாலரைக் கட்டு வரை இறக்கினாலும் அந்த உயரம் நூறு கையில் ஐந்துக்கும் குறைவாகத்தான் வரும். மீதிக் கைகளில் சும்மா உட்கார்ந்து பணம் கட்ட வேண்டும். இந்த இழையில் பேசிய எல்லா வினோத விதியையும்விட மோசமானது, வினோதமாகவே தெரியாத இந்த ஒன்றுதான்.

இதையே திருப்பிப் போட்டால், எப்போதாவது விளம்பரத்துக்காக பிளாக்ஜாக்குக்கு 2:1 தருவார்கள். அதன் மதிப்பு 2.27 சதவீதம். எண்ணவே வேண்டாம், போய் உட்கார்ந்தால் போதும். பெட்டுக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், அது வேறு.

மெல்பர்ன்வாசி:
அரைக்கை தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். நல்ல ஷூ, நல்ல விதி எல்லாம் கிடைத்து ஒரு சதவீத சாதகத்தோடு ஆடுகிறீர்கள் என்றே வைப்போம். ஒரு கையின் ஏற்ற இறக்கம் பெட்டைப் போல 1.15 மடங்கு. நூறு கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் ஒரு பெட், ஏற்ற இறக்கமோ பதினொன்றரை பெட். லாபம் ஏற்ற இறக்கத்தை எட்டிப் பிடிக்கவே பதின்மூவாயிரம் கைக்கு மேல் ஆட வேண்டும். மணிக்கு 80 கை என்றால் 165 மணி நேரம். அதுவும் ஆடும் ஒவ்வொரு கையிலும் அந்த ஒரு சதவீதம் இருந்தால். சாதகம் அரை சதவீதம் என்றால் நேரம் நான்கு மடங்கு. மாலை வேளைகளில் இது முடிகிற காரியமில்லை. வாடகைப் பணத்தைக் கொண்டு போகாதீர்கள்.

இஸ்பேட்ராஜா:
அவ்வளவு தூரம் போவானேன், ஆன்லைன் லைவ் டீலரில் ஆடிப் பழகலாமே?

கணக்குவாத்தியார்:
மென்பொருள் சீட்டு போடும் ஆட்டங்களில் ஒவ்வொரு கைக்கும் புதிதாகக் கலைக்கிறது, எண்ண ஒன்றுமில்லை. லைவ் மேசையில் உண்மையான ஷூ இருக்கும், ஆனால் எட்டுக் கட்டில் பாதி வந்ததுமே கட் கார்டு (இத்தோடு நிறுத்திக் கலைக்க வேண்டும் என்று காட்டும் அட்டை). பாதியில் நிறுத்தினால் ஊசல் ஆடத் தொடங்குவதற்குள் கலைத்துவிடுகிறார்கள். அப்புறம் இந்தியாவில் இருப்பவர்களுக்கு: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் தடை செய்திருக்கிறது. பழக வேண்டுமானால் சமையலறை மேசையில் ஒரு கட்டை வைத்துப் பழகுங்கள்.

அரைக்கை:
சரி, எனக்குப் புரிந்த வரை: சுவிட்சும் ஃப்ரீ பெட்டும் ஆசைக்கு ஒரு மணி நேரம், குறைந்த பெட். ஸ்பானிஷ் 21 என்றால் -24இல் தொடங்க வேண்டும், இன்ஷூரன்ஸ் தொடக் கூடாது. இயந்திரம் கலைத்தால் எண்ணவே வேண்டாம். 6:5 பக்கம் தலைவைக்கக் கூடாது. ஒரே சந்தேகம். ஸ்பானிஷ் மேசை ஒன்றும் சாதாரண 3:2 ஆறு கட்டு மேசை ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் எதில் உட்காருவது?

நெவாடா நாடோடி:
உட்காருவதற்கு முன்னால் நின்று பாருங்கள். டீலர் கலைத்து முடித்து, யாரோ வெட்டி, கட் கார்டைச் சொருகும்போது பின்னால் எவ்வளவு தடிமன் ஒதுக்குகிறார் என்று பாருங்கள். ஒரு கட்டு ஒதுக்கினால் அருமை. ஒன்றரை என்றால் ஆடலாம். இரண்டுக்கு மேல் என்றால் அடுத்த மேசை. சாதாரண மேசையில் இரண்டு கட்டு ஒதுக்கி, ஸ்பானிஷில் ஒன்று ஒதுக்கினால் ஸ்பானிஷுக்குப் போங்கள், ஆனால் டீலர் சாஃப்ட் 17இல் (ஏஸை 11 என்று கொண்டு வரும் 17) நிற்கிறாரா, எடுக்கிறாரா என்று துணியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு. எடுக்கிறார், ரீடபுளும் (டபுள் போட்டதை மீண்டும் இரட்டிப்பது) இல்லை என்றால் 0.8 பக்கம் இருக்கிறீர்கள், அப்போது நான் சாதாரண மேசையிலேயே ஒன்றரைக் கட்டுக்காரரைத் தேடுவேன். இன்னொன்று, ஷூ நடுவில் சேரக் கூடாது என்று சின்ன அட்டை வைத்திருப்பார்கள் சில மேசைகளில். நின்று எண்ணிவிட்டு நடுவில் நுழையும் திட்டம் இருந்தால் அந்த அட்டையையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மெல்பர்ன்வாசி:
இரண்டும் சமமாக ஒதுக்கினால் சாதாரண மேசை. ஹை-லோ அதற்காகச் செய்தது, நீங்கள் பழகியதும் அதில்தான். ஸ்பானிஷின் பேசிக் ஸ்ட்ராடஜி வேறு என்பதை யாரும் இதுவரை சொல்லவில்லை. கையில் எத்தனை சீட்டு என்பதைப் பொறுத்து முடிவு மாறும், போனஸ் காரணமாக. அந்த ஸ்ட்ராடஜி அட்டையை மனப்பாடம் செய்யாமல் -24 மட்டும் தெரிந்து போனால் எண்ணிக்கையில் சம்பாதித்ததை ஆட்டத்தில் விடுவீர்கள்.

பொரிகடலை:
எந்த அட்டை? லிங்க் இருந்தா போடுங்க அண்ணே.

மெல்பர்ன்வாசி:
பொன்டூனுக்கு ஒன்று, சாஃப்ட் 17 எடுக்கும் ஸ்பானிஷுக்கு ஒன்று, நிற்பதற்கு ஒன்று. மூன்றும் வேறு வேறு. எந்த மேசை என்று முதலில் சொல்லுங்கள்.